எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஆடி பிறந்துவிட்டால் கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியும்வரை வீட்டில் விருந்தாட்கள்தான். அது ஓய்ந்தால் தீபாவளிப் பலகாரம். தட்டுவடைக்கோ காலமே கிடையாது. வடச்சட்டி ஏறாத வாரம் நம் ஊர் அடுப்புகளில் குறைவு. ஆனால் அந்தச் சட்டியில் தீ பற்றினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், யோசிக்காமல் வரும் பதில் “தண்ணி ஊத்துவேன்” என்பதுதான். அந்தப் பதிலை மாற்றவே இதை எழுதுகிறேன்.

சட்டியில் தீ எரிகிறது. இந்த நிமிஷம் என்ன செய்ய வேண்டும்?

அடுப்பை அணையுங்கள். சட்டியை மூடுங்கள். மூடியபிறகு சட்டியைத் தொடாதீர்கள். தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

அடுப்பைத் திருகக் கை நீட்டினால் தீ சுடும் என்றால் மூடியை முதலில் போடுங்கள், தீ அடங்கியதும் அணைக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்தால் போதும். தீ சட்டியைவிட்டு அலமாரிக்கோ ஜன்னல் திரைக்கோ தாவிவிட்டது என்றால் இதில் எதையும் செய்யவேண்டாம். எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றினால் எல்லாத் தீயும் அணைகிறதே, இது மட்டும் ஏன் அணையாது?

எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். ஊற்றிய தண்ணீர் மேலே நிற்காது, நேராகச் சட்டியின் அடிக்கு இறங்கும். எரிகிற எண்ணெயின் சூடு 300 டிகிரிக்கு மேல் இருக்கும். தண்ணீருக்கோ 100 டிகிரியே ஆவியாகப் போதும். அதனால் அடியில் போன தண்ணீர் கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீர், 300 லிட்டருக்கும் அதிகமான நீராவி ஆகிறது. மேலே இருக்கும் எண்ணெயை வாரி இறைத்துக்கொண்டுதான் அது வெளியே வர முடியும்.

கடுகு தாளிக்கும்போது கறிவேப்பிலையில் ஒட்டியிருந்த ஈரம் படபடவென்று வெடிக்குமே, நடப்பது அதேதான். ஆனால் இங்கே தெறிக்கும் ஒவ்வொரு துளியும் எரிந்துகொண்டே தெறிக்கும். சட்டிக்குள் கிடந்த எண்ணெய்க்கு மேல்பரப்பில் மட்டும்தான் காற்று கிடைத்தது. துளியாகச் சிதறிய எண்ணெய்க்குச் சுற்றிலும் காற்று. ஒரு முழ உயரத்தில் எரிந்த தீ கூரையை முட்டும் நெருப்புத் தூணாகிவிடும். ஊற்றியவருக்கு விலகி நிற்க நேரமே இருக்காது. எண்ணெய்த் தீயில் முகமும் நெஞ்சும் கைகளும் வெந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

தண்ணீருக்குச் சொன்னதெல்லாம் மோருக்கும் பாலுக்கும் கரைத்த மாவுக்கும் பொருந்தும். எரியும் சட்டியைக் குழாயடியில் கொண்டுபோய் வைப்பதும் கூடாது.

மூடுவதற்கு எது நல்லது? வடச்சட்டிக்கு எங்கள் வீட்டில் மூடியே இல்லை.

நிறைய வீடுகளில் இல்லைதான். வாங்கும்போது மூடியோடு யாரும் வாங்குவதில்லை. சட்டியின் வாயைவிட நான்கு விரலாவது அகலமான, தட்டையான உலோகத் தட்டு எதுவும் போதும். சீர்வரிசைக்கு வந்து பரணில் தூங்கும் எவர்சில்வர் தாம்பாளத்துக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. இட்லிக் குண்டான் மூடி சட்டி வாயை முழுக்க அடைத்தால் அதுவும் சரி.

கண்ணாடி மூடி வேண்டாம், அந்தச் சூட்டில் வெடித்துவிடலாம். பிளாஸ்டிக் தட்டும் முறமும் கூடாது. குக்கர் மூடி வடச்சட்டியின் விளிம்பில் படியாமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அந்த இடைவெளியில் காற்று நுழைந்தாலே தீ மறுபடி எழும்.

மூடும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தட்டை மேலே தூக்கிப்பிடித்துக் கீழே போட்டால் கை தீக்கு நேர் மேலே போகிறது. விழும் வேகத்தில் எண்ணெயும் தெறிக்கிறது. அப்படிச் செய்யாமல், தட்டை உங்களுக்கும் தீக்கும் நடுவில் ஒரு மறைப்பாகச் சாய்த்துப் பிடியுங்கள். உங்கள் பக்கத்து விளிம்பில் அதன் ஓரத்தைத் தொடவைத்து, அங்கிருந்து அந்தப் பக்கமாகத் தள்ளிச் சரியுங்கள். தட்டு படிய ஆரம்பித்ததும் தீ பின்பக்கமாக ஒதுங்கும், முழுக்கப் படிந்ததும் அடங்கிவிடும். ஓரத்தில் சிறு நாக்குபோல் தீ எட்டிப்பார்த்தால் பதறித் தூக்கிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று தீர்ந்ததும் அதுவும் நின்றுவிடும்.

வெறும் சட்டியையும் தாம்பாளத்தையும் அடுப்பில் வைத்து இன்றைக்கே ஒருமுறை இப்படி மூடிப்பாருங்கள். உங்கள் தட்டு சரியான அளவா என்பது அப்போதே தெரிந்துவிடும். இனிமேல் எண்ணெய் ஊற்றும்முன் அந்தத் தட்டு அடுப்பு மேடையில், கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கட்டும். தீ எரியும்போது பரணில் ஏறி யாரும் தாம்பாளம் தேட முடியாது.

சட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டால் வீடு தப்பிக்குமே?

தூக்கிக்கொண்டு நடந்தால் காற்று தீயை உங்கள் பக்கமே தள்ளும். சட்டிக் காது கையைச் சுட்டதும் போட்டுவிடுவீர்கள். அப்போது எரிகிற எண்ணெய் தரையெல்லாம் ஓடும், உங்கள் காலும் அங்கேதான் இருக்கும். தூக்கவே கூடாது.

தீயணைப்பு வீரர்கள் ஈரச்சாக்குப் போட்டு அணைத்துக் காட்டினார்களே?

மிக நல்ல கேள்வி. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகக் கப்பல் வெடிப்பில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடத்துகிறார்கள். பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் அப்போது செய்துகாட்டுவதில் ஒன்று, சிலிண்டர் வாயில் எரியும் தீயை ஈரச்சாக்கால் பொத்தி அணைப்பது. அங்கே எரிவது வாயு. தண்ணீர் மூழ்கிப்போய் ஆவியாவதற்கு அங்கே கொதிக்கும் எண்ணெய் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் எண்ணெய்ச் சட்டிமேல் சொட்டச்சொட்ட ஈரத்துணியைப் போட்டால், தண்ணீர் ஊற்றியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. காய்ந்த துணியும் உதவாது, அதுவே பற்றிக்கொள்ளும்.

அடுத்தமுறை அந்தச் செயல்விளக்கம் உங்கள் தெருவுக்கு வந்தால், எண்ணெய்ச் சட்டித் தீயையும் அணைத்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். நேரில் ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

மாவு தூவினால் அணையும் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். சோடா உப்பு தூவலாம் என்ற பேச்சு எங்கோ திரிந்து ‘வெள்ளைப் பொடி எதுவானாலும் சரி’ என்று ஆகிவிட்டது. மரவள்ளிக்கும் ஜவ்வரிசிக்கும் பேர்போன நம் மாவட்டத்தில் கிழங்கு மாவு சமையலறையில் இருப்பது சாதாரணம். டப்பாவைப் பார்த்தால் சோடா உப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கிழங்கு மாவு, மைதா, அரிசி மாவு, கடலை மாவு, சர்க்கரை எல்லாமே எரியும் பொருள்கள். பொடியாகக் காற்றில் பறந்து தீயில் பட்டால் குப்பென்று வெடித்துப் பற்றும்.

சோடா உப்பு சூட்டில் கரியமில வாயுவை வெளிவிடும். அது தீயை அமுக்கும் என்பது உண்மை. ஆனால் அகலமான வடச்சட்டிக்குக் கைநிறைய, பலமுறை, தீயின் அடியைக் குறிபார்த்துப் போடவேண்டும். கடையில் வாங்கிய சின்னப் பாக்கெட் போதாது. தாளிப்புக் கரண்டியில் பற்றிய சிறு தீக்குச் சோடா உப்போ கல்லுப்போ உதவலாம். மற்றதற்கெல்லாம் தட்டுதான்.

மூடியாயிற்று. எப்போது திறக்கலாம்?

அரைமணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். சட்டியில் எண்ணெய் நிறைய இருந்தால் இன்னும் அதிகம். காற்று இல்லாததால்தான் தீ அணைந்தது, எண்ணெயின் சூடு அப்படியே இருக்கிறது. பாதிச் சூட்டில் ஆவலாகத் திறந்துபார்த்தால், காற்று பட்ட மாத்திரத்தில் தானாகவே மறுபடி பற்றும். அப்போது உங்கள் முகம் நேர் மேலே இருக்கும். தட்டின் மேல் தண்ணீர் தெளித்து ஆறவைக்கவும் கூடாது.

ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீட்டில் விறகடுப்பு. அதைத் திருகி அணைக்க முடியாதே?

மூடுவதுதான் அங்கேயும் முதல் வேலை. மூடிய பிறகு, சட்டியை அசைக்காமல், எரியும் கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிடுங்கள். இழுத்த கட்டையை மண்ணில் வைத்து மண்ணாலேயே மூடுங்கள். சட்டி அடுப்பில் இருக்கும்வரை கட்டைமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பங்கரை வாசலில் ஒரு பழைய சட்டி நிறையக் காய்ந்த மணல் எப்போதும் இருப்பது நல்லது.

குளிருக்காக ஜன்னலை இறுகச் சாத்திச் சமைப்பதால் மலை வீடுகளில் புகை சீக்கிரம் சேர்ந்துவிடும். புகை கண்ணை மறைத்தால் குனிந்து, தவழ்ந்தாவது வெளியேறுங்கள்.

மலையில் சூடு மெதுவாகத்தானே ஏறும் என்று நினைக்கவேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகத் தாமதமாகிறது. எண்ணெய் புகைவதும் பற்றுவதும் சேலத்தில் எப்படியோ அங்கேயும் அப்படித்தான்.

இன்னொன்று. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஏற்காட்டில் மார்கழியில் பாட்டில் எண்ணெய் கல்லாகிவிடுகிறது என்று அதை எரியும் அடுப்போரம் சாய்த்துவைக்கும் பழக்கம் உண்டு. பிளாஸ்டிக் இளகி எண்ணெய் அடுப்பில் வழிந்தால் தீ தரைவரை இறங்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் எண்ணெய் சீக்கிரமே இளகிவிடும்.

தீப்பிடிக்கும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எண்ணெய் சொல்லிவிட்டுத்தான் பற்றுகிறது. வடையும் பஜ்ஜியும் வேக 170 முதல் 190 டிகிரி போதும். ரீஃபைண்டு சூரியகாந்தி, கடலை எண்ணெய்கள் சுமார் 230 டிகிரியில் புகையத் தொடங்கும். செக்கில் ஆட்டியவை அதற்கு வெகுமுன்பே, சில 160 வாக்கிலேயே புகையும். அதற்குமேலும் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் 300 டிகிரியைத் தாண்டியதும் ஆவி அடுப்புத் தீயை எட்டிப் பிடித்துக்கொள்ளும். 350, 400 என்று போனால் அடுப்புத் தீ தொடவே வேண்டாம், தானாகப் பற்றும்.

எனவே இழையாகப் புகை வந்தாலே அடுப்பை அணைத்துவிடுங்கள். மாவை ஒரு துளி விட்டுப்பார்த்து, எண்ணெய் காய்ந்துவிட்டது என்று தெரிந்ததும் தணலைக் குறைக்கும் நம் வழக்கம் மிகச் சரியானது. ஆபத்து பெரும்பாலும் சட்டியைக் காயவைத்துவிட்டு நகரும்போதுதான் வருகிறது: வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், குழந்தை அழுதது, போன் அடித்தது. போகத்தான் வேண்டுமென்றால் அணைத்துவிட்டுப் போங்கள். மறுபடி காய நாலு நிமிஷம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

திரும்பத் திரும்பச் சுட்ட எண்ணெய் புதிய எண்ணெயைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும், பற்றும். கருத்து, கொழகொழவென்று நுரைக்கும் எண்ணெயை மறுபடி ஏற்றாதீர்கள். உணவகங்களுக்கு இதில் சட்டமே உண்டு. பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது.

சட்டியில் பாதிக்குமேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். ஜவ்வரிசி வடை சுடும்போது ஊறிய ஜவ்வரிசியைத் துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள். ஈரம் தங்கிய மணிகள் எண்ணெய்க்குள் வெடித்து, அடுப்புத் தீவரை தெறிக்கும்.

வீட்டில் தீயணைப்புக் கருவி வாங்கிவைக்கலாமா? எந்த வகை?

வாங்கலாம், ஆனால் எது எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் சிவப்பு நிற ஏபிசி பவுடர் சிலிண்டர் ஜன்னல் திரை, மரம், மின்சாதனத் தீக்கு நல்லது. எண்ணெய்த் தீயை அது அமுக்கும், ஆனால் எண்ணெயை ஆறவைக்காது, அதனால் திரும்பப் பற்றலாம். கிட்ட நின்று அடித்தால் பாயும் வேகத்தில் எண்ணெயையே சிதறடித்துவிடும். எண்ணெய்க்கென்றே உள்ளது கே வகை. அதிலிருக்கும் பொட்டாசியம் உப்புக் கரைசல் மெல்லிய தூறலாக விழுந்து, எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரைபோல் மேலே படர்ந்து, சூட்டையும் தணிக்கும். ஏற்காட்டுப் படகு இல்லம் பக்கம் மிளகாய் பஜ்ஜி போடுபவர்களுக்கும், சேலத்தில் பெரிய சட்டி வைத்துப் பலகாரம் சுடுபவர்களுக்கும் இது அவசியம் என்றே சொல்வேன். அந்த அளவு சட்டிக்குத் தாம்பாளம் எட்டாது, அவர்கள் தங்கள் சட்டி அளவுக்கு இரும்புத் தகட்டில் பிடிவைத்த மூடி ஒன்று அடித்துவைத்துக்கொள்ளவும் வேண்டும்.

வீட்டுக்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் தீத்தடுப்புப் போர்வை வாங்கினால் நல்லது. மேல் ஓரங்களைக் கையைச் சுற்றி மடித்துப் பிடித்து, தட்டைச் சரிப்பதுபோலவே முன்னாலிருந்து போர்த்தவேண்டும்.

யாரை, எப்போது கூப்பிடுவது?

மூடியும் அடங்கவில்லை, அல்லது சட்டியைத் தாண்டிப் பரவிவிட்டது என்றால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து 101 அல்லது 112. காயம் இருந்தால் 108. எரிவாயுக் கசிவுக்கு 1906. சிலிண்டர் மேடைக்கு அடியிலேயே இருக்கும் வீடுகளில் எரியும் எண்ணெய் வழிந்து கேஸ் டியூப்பைத் தொட்டுவிட்டது என்றால் ரெகுலேட்டரை மூட உள்ளே போகாதீர்கள்.

குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டைச் சந்துகளில் பெரிய வண்டி நுழைவது சிரமம். ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்பி வழிகாட்டச் சொல்லுங்கள். மலையிலிருந்து அழைத்தால் எஸ்டேட் பெயர், கேட், பக்கத்தில் எந்தக் கொண்டை ஊசி வளைவு என்று அடையாளம் சொல்லுங்கள்.

கையில் எண்ணெய் தெறித்துச் சுட்டுவிட்டது. இதற்கும் தண்ணீர் கூடாதா?

இதற்குத் தண்ணீர்தான் மருந்து! குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் முழுதாகக் காட்டுங்கள். இரண்டு நிமிஷத்தில் எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடாதீர்கள். தோலுக்கு அடியில் சூடு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். உடனே முடியவில்லை என்றாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஏற்காட்டுத் தண்ணீர் சில்லிட்டிருக்கும். குழந்தைக்கோ வயதானவருக்கோ சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள்.

வளையல், மோதிரம், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். உலோகம் சூட்டைப் பிடித்துவைக்கும். வீக்கம் வந்தபின் கழற்றவும் முடியாது. இட்லி மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள், நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். பாட்டி அன்போடு மாவுப் பாத்திரத்தை எடுத்துவந்தால், “முதல்ல தண்ணி காட்டிக்கறேன் பாட்டி” என்று சொல்லிக் குழாயடிக்குப் போய்விடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.

காயம் உள்ளங்கையைவிடப் பெரிதென்றாலும், முகம், கை, மூட்டு, மறைவிடத்தில் என்றாலும், தோல் வெளுத்தோ கருகியோ வலியே இல்லாமல் இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல, நரம்புவரை வெந்திருக்கிறது என்று பொருள். பக்கத்தில் வசதி இல்லாவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சேலையில் பற்றிக்கொண்டால்?

ஓடக்கூடாது, ஓடினால் தீ வளரும். நின்ற இடத்தில் படுத்து முகத்தைக் கையால் மூடி உருளவேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் சுற்றி அமுக்கலாம். அணைந்ததும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம். நைலான், பாலியஸ்டர் புடவையும் நைட்டியும் உருகித் தோலோடு ஒட்டும், பலகாரம் சுடும் நாளில் பருத்தி கட்டுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

சிம்னி ஓடிக்கொண்டிருந்தால்?

எட்டுமானால் அணையுங்கள். அது தீயை மேலே இழுக்கும், வலையில் படிந்த பிசுக்கும் எரியும். பலகார சீசனுக்கு முன் ஒருமுறை வலையைக் கழற்றி வெந்நீரில் கழுவிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

எல்லாம் அடங்கிய பிறகு அந்த எண்ணெயை, சட்டியை என்ன செய்வது?

மறுநாள்வரை அப்படியே விட்டாலும் தப்பில்லை. எரிந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. சாக்கடையில் ஊற்றாமல், நன்றாக ஆறியபின் பழைய எண்ணெய்க் கவரில் ஊற்றிக் கட்டிக் குப்பையில் சேருங்கள். இரும்புச் சட்டியைத் தேய்த்துப் பழக்கிக்கொள்ளலாம். பூச்சு போட்ட நான்ஸ்டிக் சட்டியென்றால் தூக்கிப்போட்டுவிடுங்கள். கேஸ் டியூப் தீயருகே இருந்திருந்தால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட்டு, மெக்கானிக் வந்து பார்க்கும்வரை ரெகுலேட்டரைத் திறக்காதீர்கள்.